மயக்க மருந்தும் குழந்தையின் மூச்சும்

(விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பஞ்சாயத்து உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டங்களில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

ஏரி, வாய்க்கால், சாலை, தெருவிளக்கு ஆகியவற்றைப் பற்றிப் பேசிப் பழகிய இக்கூட்டத்தில் குழந்தைகளின் பல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இது சிறிய விஷயம் என்று சிலர் எண்ணக்கூடும். பல் சிறியதுதான், ஆனால் அந்தப் பல்லைப் பிடுங்கவோ அடைக்கவோ வேண்டிக் குழந்தைக்கு மயக்க மருந்து கொடுக்கும்போது அங்கே பணயமாக நிற்பது உயிர். ஆகவே, இதைக் கிராம நலத்தைச் சேர்ந்த விஷயமாகவே கருதும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

நாம் எல்லோரும் அறிந்த ஒரு காட்சியைக் கொண்டு தொடங்குவோம். பழங்கிணற்றில் தூர் வார ஓர் ஆள் இறங்குகிறார். மேலே ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மண் கூடையை வாங்கிக் கொட்ட வேறு ஆள் உண்டு. கயிறு பிடித்தவருக்கு வேறு வேலை எதையும் நாம் கொடுப்பதில்லை. கீழே கெட்ட காற்று இருந்தால், இறங்கியவரால் கூப்பிடக்கூட முடியாது என்பது நமக்குத் தெரியும். மயக்க மருந்து பெற்ற குழந்தையும் கிணற்றில் இறங்கியவர் போன்றதே. அதனால் கூப்பிட முடியாது. அதற்காக மேலே கயிறு பிடித்து நிற்பவர் யார்? இன்று நாம் சொல்ல வந்தது இந்த ஒரு கேள்வியே.

மூன்று வகை மருந்துகள்

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். பல் டாக்டர் ஈறில் போடும் ஊசி, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்வது. குழந்தை விழித்திருக்கும், பேசும். பெரும்பாலான குழந்தைகளுக்கு இதுவும் அன்பான நான்கு வார்த்தைகளுமே போதும்.

இரண்டாவது வகை, குழந்தையின் அச்சத்தைத் தணித்து, அரைத் தூக்கத்தில் வைக்கும் மருந்து. வாயால் குடிக்கும் மிடசோலம், மூக்கின் வழியே பிராணவாயுவுடன் கலந்து சுவாசிக்கும் நைட்ரஸ் ஆக்ஸைடு முதலியவை இவ்வகையைச் சேர்ந்தவை. மூன்றாவது வகை முழு மயக்கம். இதில் குழந்தை எதையும் உணராது; அதன் மூச்சை மயக்கவியல் டாக்டர் தம் பொறுப்பில் ஏற்றுக்கொள்கிறார்.

இரண்டாவது வகைக்கும் மூன்றாவது வகைக்கும் இடையே வரப்பு கட்டிப் பிரித்து வைக்கவில்லை. அரைத் தூக்கத்திற்கென்று கொடுத்த மருந்து, சில குழந்தைகளை ஆழ்ந்த மயக்கத்தில் தள்ளிவிடும். ஒரே வயது, ஒரே எடையுள்ள இரு குழந்தைகளுள் ஒன்று விளையாடிக்கொண்டிருக்கும். மற்றொன்று எழுப்பினாலும் எழாது. முன்கூட்டியே இதைத் துல்லியமாகச் சொல்ல எவராலும் இயலாது. எந்த ஆழம் வேண்டுமென்று எண்ணி மருந்து கொடுக்கிறார்களோ, அதற்கு அடுத்த ஆழத்தில் குழந்தை விழுந்தாலும் மீட்கும் திறமையும் கருவியும் அதே அறையில் இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

குழந்தைக்கு ஏன் அதிக அபாயம்?

குழந்தை என்பது சிறிய அளவில் செய்த பெரிய மனிதன் அன்று. அதன் நாக்கு வாயின் அளவுக்குப் பெரியது, மூச்சுக்குழல் குறுகியது. உடல் எடையோடு ஒப்பிட்டால், பெரியவர்களைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு பிராணவாயுவை அது செலவிடுகிறது. சேமிப்போ மிகக் குறைவு. சிறிய தொட்டியில் பெரிய குழாயைத் திறந்து வைத்தாற்போல, வரத்து நின்றால் இருப்பு விரைவில் தீர்ந்துவிடும். பிராணவாயு இன்றிச் சில நிமிடங்கள் கழிந்தால் மூளை கெட்டுவிடும்.

இவற்றோடு, பல் சிகிச்சைக்கே உரிய சங்கடம் ஒன்றும் உண்டு. சிகிச்சை நடக்கும் இடமும் மூச்சு செல்லும் வழியும் ஒன்றே. தண்ணீர், இரத்தம், பஞ்சு, உடைந்த பல்துண்டு ஆகிய யாவும் அந்த வழியிலேயே இருக்கின்றன. டாக்டரின் கண்ணோ பல்லின் மீது பதிந்திருக்கிறது, பதிந்திருக்கவும் வேண்டும். ஆகவே மூச்சைக் கவனிக்க இன்னொரு ஜோடிக் கண்கள் தேவை.

உலகம் கற்ற பாடம்

வலியின்றிச் சிகிச்சை செய்யும் கலையை உலகுக்குக் காட்டியவர்களுள் பல் வைத்தியர்களே முன் நிற்கிறார்கள். 1844-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஹொரேஸ் வெல்ஸ் என்ற பல் வைத்தியர் நைட்ரஸ் ஆக்ஸைடைச் சுவாசித்துத் தம் பல்லையே பிடுங்கச் செய்தார். 1846-இல் பாஸ்டன் நகரில் மார்ட்டன் என்ற மற்றொரு பல் வைத்தியர் ஈதரின் பயனை மருத்துவர்கள் முன்னிலையில் காட்டினார். ஆனால், 1848-ஆம் ஆண்டு ஜனவரியிலேயே இங்கிலாந்தில் கால் நகத்தை எடுக்க வந்த 15 வயதுச் சிறுமி ஒருத்தி குளோரோபாரம் மயக்கத்தில் இறந்தாள். ஒரு நகத்திற்காக ஓர் உயிர் போயிற்று. பயனும் அபாயமும் சேர்ந்தே பிறந்தன என்பதை இது காட்டுகிறது.

நம் நாட்டிலும் இதைப் பற்றிப் பெரும் ஆராய்ச்சி நடந்தது. 1888, 1889-ஆம் ஆண்டுகளில் நிஜாமின் ஆதரவில் ஹைதராபாத்தில் இரு குளோரோபாரம் குழுக்கள் கூடின. எட்வர்டு லாரி என்ற டாக்டர் இவற்றை முன்னின்று நடத்தினார். மூச்சுத்தான் முதலில் நிற்கிறது, ஆகையால் மூச்சையே இடைவிடாது கவனியுங்கள் என்பது அவர்கள் வற்புறுத்திய முடிவு. குளோரோபாரத்தால் இருதயமும் திடீரென நிற்கக்கூடும் என்று பின்வந்த ஆராய்ச்சி காட்டி, அம்முடிவைத் திருத்தியது. எனினும், இன்று குழந்தைகளுக்குக் கொடுக்கும் உறக்க மருந்துகளைப் பொறுத்தவரை, முதலில் தளர்வது பெரும்பாலும் மூச்சே. இருதயம் அதன் பின்னரே தளர்கிறது. மூச்சைக் கவனிப்பவர், இருதயம் நிற்கும் முன்பே குழந்தையை மீட்டுவிடலாம்.

அமெரிக்காவில் பல் சிகிச்சை நிலையங்களில் குழந்தைகள் இறந்ததைக் கண்டு, அந்நாட்டுக் குழந்தை மருத்துவர் சங்கம் 1985-இல் பாதுகாப்பு விதிகளை வகுத்தது. 2015-இல் கலிபோர்னியாவில் பல் பிடுங்க வந்த ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் மயக்கத்தில் உயிரிழந்தான். அடுத்த ஆண்டே அவன் பெயரால் ஒரு சட்டம் பிறந்தது. 2019-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, பல் சிகிச்சை நிலையத்தில் குழந்தையை ஆழ்ந்த மயக்கத்தில் வைத்தால், சிகிச்சை செய்பவரைத் தவிர, மருந்தையும் மூச்சையும் மட்டும் கவனிக்கும் தகுதி பெற்ற ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். அவர்கள் விதியாக எழுதியதும், நம் ஊரில் கிணற்றுமேட்டில் நிற்கும் மனிதரும் ஒன்றேயல்லவா?

நம் அண்டை மாநிலமான கேரளத்தில், திருச்சூர் மாவட்டத்தில், 2023 நவம்பரில் பல் சிகிச்சைக்குச் சென்ற ஒரு சிறுவன் உயிரிழந்த செய்தியைப் பத்திரிகைகளில் படித்தோம். குற்றம் யாருடையது என்று தீர்ப்புக் கூறுவது நம் வேலை அன்று. ஆனால், இது எங்கோ கடல் கடந்த தேசத்துக் கதை என்று நாம் இருந்துவிட முடியாது.

இரண்டு இட்டிலி

நாங்கள் நேரில் அறிந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுகிறோம். ஊரையும் பெயரையும் சொல்லப் போவதில்லை. மயிலம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஐந்து வயதுப் பையனைச் சிகிச்சைக்கு அழைத்து வந்தார்கள். வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஏன் என்று எவரும் சொல்லவில்லை. விடியற்காலைப் பஸ்ஸுக்குக் காத்திருந்த இடத்தில் பிள்ளை பசியால் அழுதான். உடன் வந்த பாட்டி மனம் பொறாமல் இரண்டு இட்டிலி வாங்கிக் கொடுத்தார். டாக்டர் கேட்டபோது, "ஒன்றும் சாப்பிடவில்லை" என்று தாய் சொல்லிவிட்டாள். உண்மையைச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அன்றைய கூலியும் பஸ் சத்தமும் வீணாகும், கணவன் கோபித்துக்கொள்வான் என்ற பயம் அவளுக்கு.

மருந்து உள்ளே போன சிறிது நேரத்தில் பிள்ளை வாந்தி எடுத்தான். விழித்திருக்கும் குழந்தை வாந்தியைத் துப்பும், இருமும். மயங்கிய குழந்தைக்கு அந்தத் திறமை மங்கிவிடும். வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் இறங்கும். அன்று மூச்சைக் கவனிக்க ஒருவர் தனியாக நின்றார். உறிஞ்சும் கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு கணத்தில் பிள்ளையை ஒருக்களித்துத் திருப்பி, தொண்டையைச் சுத்தம் செய்து, பிராணவாயு கொடுத்தார்கள். பல நாள் படுக்கையில் இருந்து பிள்ளை பிழைத்தான். அந்தப் பாட்டி ஆஸ்பத்திரி வராந்தாவில் தலையில் அடித்துக்கொண்டு அழுததை நாங்கள் மறக்கவில்லை. "விஷயம் இன்னதென்று சொல்லியிருந்தால் கொடுத்திருப்பேனா ஐயா?" என்று அவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை சொல்லவே இங்கு வந்திருக்கிறோம். குற்றம் பாட்டியுடையது அன்று, காரணத்தைச் சொல்லாதவர்களுடையது.

சிகிச்சைக்கு முன்

ஆகவே, வயிற்றைக் காலியாக வைக்கும் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். பால் கலவாத தெளிந்த தண்ணீர் 2 மணி நேரத்திற்கு முன்வரை கொடுக்கலாம். தாய்ப்பால் 4 மணி நேரத்திற்கு முன் நிறுத்த வேண்டும். பசும்பால், பால் மாவு, இட்டிலி போன்ற எளிய உணவு ஆகியவற்றை 6 மணி நேரத்திற்கு முன் நிறுத்த வேண்டும். எண்ணெய்ப் பலகாரமும் இறைச்சியும் 8 மணி நேரத்திற்கு முன். கஞ்சியும் நீராகாரமும் தண்ணீர் அல்ல, உணவே. பால் விட்ட தேநீரும் மோரும் பால் கணக்கைச் சேர்ந்தவை. பிள்ளை தவறிச் சாப்பிட்டிருந்தால் அதை மறையாமல் சொல்லுங்கள். வேறொரு நாள் வருவதனால் போவது ஒரு நாள் கூலி. மறைப்பதனால் போகக்கூடியது பிள்ளை.

அடுத்தது எடை. பயிருக்கு மருந்து தெளிக்கும்போது ஏக்கருக்கு இவ்வளவு என்று அளந்து தெளிக்கிறோம். அதுபோலவே குழந்தைக்கு மருந்து, கிலோ ஒன்றுக்கு இத்தனை மில்லிகிராம் என்று கணக்கிடப்படுகிறது. ஈறில் போடும் லிக்னோகெயின் ஊசிக்கும் எல்லை உண்டு. கிலோவுக்கு 4.4 மில்லிகிராம் என்ற கணக்கின்படி, 15 கிலோ குழந்தைக்கு 66 மில்லிகிராமே உச்ச அளவு. 2 சதவீதக் கரைசலில் அது 3 மில்லிலிட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஆகவே, உத்தேசமாக எடை சொல்லாதீர்கள். டாக்டர் குழந்தையை நிறுத்துப் பார்க்காவிட்டால், நிறுக்கும்படி நீங்களே கேளுங்கள்.

மூன்றாவது, குழந்தையின் உடல்நிலை. தூக்கத்தில் குறட்டை விடுகிறதா? சளி, இருமல், காய்ச்சல் உண்டா? இழுப்பு, வலிப்பு, இருதய நோய் உண்டா? முன்பு ஏதேனும் மருந்து ஒத்துக்கொள்ளாமற் போனதா? நாட்டு மருந்து உட்பட இப்போது என்ன மருந்து கொடுத்து வருகிறீர்கள்? இவற்றை மறையாமல் சொல்ல வேண்டும். சளி பிடித்த நாளில் சிகிச்சையைத் தள்ளிப் போடுவது தோல்வியன்று.

மேலும், பிள்ளை அடம் பிடிக்காமல் வரட்டும் என்று வீட்டிலேயே தூக்க மாத்திரையோ இருமல் சிரப்போ கொடுத்து அழைத்து வரும் வழக்கம் கூடவே கூடாது. வழியில் மூச்சு தளர்ந்தால் பஸ்ஸில் யார் பார்ப்பார்கள்? உறக்க மருந்து எதுவாயினும், அது டாக்டரின் கண்முன் கொடுக்கப்பட வேண்டியது.

சிகிச்சை அறையில்

கொரோனாக் காலத்தில், விரலில் மாட்டிப் பார்க்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் கிராமங்களுக்கெல்லாம் அறிமுகமாயிற்று. ஜப்பானியப் பொறியாளர் டக்குவோ அவோயாகி 1974-இல் கண்ட தத்துவத்தின் மீது எழுந்த கருவி அது. மயக்க மருந்து பெறும் ஒவ்வொரு குழந்தையின் விரலிலும் அது இருக்க வேண்டும். ஆனால், கருவி இருப்பதே போதும் என்று எண்ணிவிடக் கூடாது. மூச்சு நின்ற பிறகு சற்று நேரம் கழித்தே எண் குறையும். பிராணவாயு கொடுத்துக்கொண்டிருந்தால் இன்னும் தாமதமாகும். ஆகவே மார்பு ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்க்கும் மனிதர் வேண்டும்.

பிராணவாயு சிலிண்டர், குழந்தையின் முகத்திற்குப் பொருந்தும் முகமூடியும் காற்றுப் பையும், உறிஞ்சும் கருவி, மருந்தின் வேகத்தை முறிக்கும் மாற்று மருந்து ஆகியவை அறையிலேயே இருக்க வேண்டும். இவை எல்லாவற்றையும் நீங்கள் ஆராய்ந்து பார்க்க இயலாது. கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்விகளை மட்டும் கேளுங்கள்:

"ஐயா, மருந்து கொடுத்த பின் எங்கள் பிள்ளையின் மூச்சை மட்டும் பார்த்துக்கொள்ளப் போகிறவர் யார்?"

"மூச்சு தளர்ந்தால் மீட்க இங்கேயே என்ன வைத்திருக்கிறீர்கள்?"

"இந்த மருந்து இல்லாமல் வேறு வழியில் செய்ய முடியுமா?"

படித்த டாக்டரிடம் பாமரர் கேள்வி கேட்பதா என்று தயங்க வேண்டாம். நல்ல டாக்டர் இக்கேள்விகளைக் கேட்டு மகிழ்வாரேயன்றிக் கோபித்துக்கொள்ளமாட்டார். கோபித்துக்கொண்டால், அதுவே உங்களுக்கு ஒரு விடை. மயக்கம் தேவைப்படும் பெரிய சிகிச்சைக்கு, மயக்கவியல் டாக்டர் உள்ள மருத்துவமனையை நாடுவதே நலம். 2010-இல் முண்டியம்பாக்கத்தில் தொடங்கிய அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. திண்டிவனத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது; புதுச்சேரியில் ஜிப்மர் இருக்கிறது. எந்தச் சிகிச்சைக்கு எங்கே போகவேண்டும் என்பதை அங்கே விசாரித்து அறியலாம்.

வீடு திரும்பும் வழி

சிகிச்சை முடிந்தவுடன் அபாயமும் முடிந்துவிட்டது என்று எண்ணுவது பெருந்தவறு. ஊசியின் வலியும் பல் பிடுங்கும் வேதனையும் குழந்தையை ஓரளவு விழிப்பில் வைத்திருக்கும். அவை நின்றதும் மருந்து மேலும் அழுத்தும். அந்த நேரத்தில் திண்டிவனத்திலிருந்து மரக்காணம் வரை மோட்டார் சைக்கிளில் இருவருக்கு நடுவே குழந்தையை உட்கார வைத்துக்கொண்டு போகிறார்கள். தலை மார்பின் மீது சாய்கிறது, மூச்சுக்குழல் மடிகிறது, பிள்ளை நன்றாகத் தூங்குகிறான் என்று முன்னால் இருப்பவரும் பின்னால் இருப்பவரும் எண்ணிக்கொள்கிறார்கள்.

ஆகவே, பிள்ளை தானாக விழித்து, உட்கார்ந்து, வழக்கம்போல் பேசும் வரை சிகிச்சை நிலையத்தை விட்டு நகரக் கூடாது. கடைசிப் பஸ் போய்விடும் என்று அவசரப்படக் கூடாது. காலையிலேயே முறை வாங்கிக்கொள்வது நல்லது. பெரியவர்கள் இருவர் உடன் செல்ல வேண்டும். ஒருவர் வண்டியைக் கவனிக்கட்டும். மற்றவர் குழந்தையின் முகத்தை மட்டும் பார்க்கட்டும். மோட்டார் சைக்கிள் வேண்டாம். தலை நிமிர்ந்து, மோவாய் மார்பில் படாதபடி வைத்துக்கொள்ளுங்கள். அன்று முழுவதும் பிள்ளையைக் கிணற்றடிக்கோ மாடிக்கோ தனியே விடாதீர்கள். உதடு மரத்திருக்கும் வரை பிள்ளை அதைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும், அதையும் கவனியுங்கள். எழுப்பியும் எழாவிட்டாலோ, மூச்சில் கரகரப்புக் கேட்டாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, பிள்ளையை ஒருக்களித்துக் கிடத்தி, மோவாயைச் சற்று உயர்த்தி, உடனே 108-ஐ அழையுங்கள்.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

இவற்றைக் கேட்டுப் பயந்து, சொத்தைப் பல்லோடு பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று எவரும் முடிவு செய்துவிடக் கூடாது. கவனியாத பல்லின் சீழ் தாடைக்கும் கழுத்துக்கும் பரவினால் அதுவும் உயிருக்கு ஆபத்தே. சிகிச்சை வேண்டும், அது கண்காணிப்போடு வேண்டும் என்பதே நாம் சொல்வது.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அவற்றுள் ஒன்றில், மேலே சொன்ன பட்டினிக் கணக்கையும் மூன்று கேள்விகளையும் உரக்கப் படியுங்கள். அவற்றை எழுதி அங்கன்வாடியிலும் ரேஷன் கடையிலும் ஒட்டுங்கள். சிகிச்சைக்குப் புறப்படும் குழந்தையை அங்கன்வாடியில் நிறுத்து, எடையைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கச் செய்யுங்கள். தாய் தனியே போக நேர்ந்தால், மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து ஒருவர் துணையாகச் செல்லட்டும். பள்ளிக்கூடத் திண்ணையிலோ பந்தலிலோ நடக்கும் பல் முகாம் பரிசோதனைக்கு நல்லது. அங்கே குழந்தைக்கு உறக்க மருந்து கொடுக்க இடம் தரவேண்டாம். பதிவு பெறாதவர்கள் பல் பிடுங்கக் கடை விரித்தால் சுகாதார அதிகாரிகளுக்குத் தெரிவியுங்கள்.

எல்லாவற்றிலும் சிறந்த பாதுகாப்பு, சிகிச்சையே தேவைப்படாதபடி பார்த்துக்கொள்வது. பால் பற்கள் 20. விழுந்துவிடும் பல்தானே என்று அலட்சியம் செய்யாதீர்கள். இரவில் சர்க்கரை கலந்த பால் புட்டியை வாயில் வைத்துக்கொண்டு குழந்தையைத் தூங்க விடாதீர்கள். காலையும் இரவும் ஃபுளோரைடு பற்பசையால், மூன்று வயதுக்குக் கீழ் அரிசி அளவும், அதன் பின் ஆறு வயது வரை பட்டாணி அளவும் இட்டு, பெரியவர்களே துலக்கிவிட வேண்டும். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழு சொத்தைப் பல்லையும் பார்க்கிறது. அவர்கள் எழுதிக் கொடுக்கும் சீட்டைப் பையிலேயே வைத்திராமல், பல் சிறிதாகக் கறுத்த போதே காட்டினால், மயக்க மருந்துக்கு வேலையே இராது.

நண்பர்களே! கிணற்றில் ஆள் இறங்கும்போது மேலே கயிறு பிடிக்க ஆள் இருக்கிறாரா என்று பாராமல் நம் ஊரில் எவரும் இறங்க விடுவதில்லை. படிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த அறிவு நமக்குப் பரம்பரைச் சொத்து. நம் பிள்ளைகள் பல் சிகிச்சைக்குச் செல்லும் நாளிலும் அதே அறிவோடு கேளுங்கள். கயிறு யார் கையில் இருக்கிறது என்பதை அறிந்த பின்னரே பிள்ளையைக் கையிலிருந்து கொடுங்கள்.